மிட்டாய் வாசம்

பந்திங் சாலையோரமாகக் கிள்ளானை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். இரண்டரை வயது மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் மருந்துப் புகையை இழுக்க வைத்த முகமூடியின் தடம் அவள் கன்னத்தில் இன்னும் மறையவில்லை. கையில் ஒரு பையும் சுருட்டிய யோகா பாயும். பஸ் வரும்வரை நின்றிருக்கலாம். நின்றால் அந்த வாசம் பின்னாலேயே வந்துவிடும் போலிருந்தது.

டாக்டர் மலாய்க்காரப் பெண். ஒன்றுதான் சொன்னார்: "இந்தக் காற்றிலேயே வைத்திருந்தால், அடுத்த தடவை என்னிடம் வராதே. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு."

தெலுக் பங்லிமா காராங்கில் வாடகைக்கு இருந்தோம். மனைவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நான் லோரியில் மூட்டை ஏற்றி முதுகு போனவன். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு முதுகுதான் மூலதனம். அதைச் சரிசெய்ய, கோயில் மண்டபத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த யோகாவை வீட்டில் செய்துவந்தேன். எந்த ஊரிலும் எந்த வேலையிலும் தங்காதவன் இதில் மட்டும் தங்கினேன்.

விடிந்ததும் ஜன்னலைத் திறந்து பாயை விரிப்பேன். திறந்த ஜன்னலோரம்தான் உட்காரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கையூன்றி இடுப்பை உயர்த்தினால் மகள் அடியில் புகுந்து பொம்மை லோரி ஓட்டுவாள். தவழும் நிலைக்கு வந்தால் முதுகில் ஏறிக்கொள்வாள். மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் ஒழுங்காக எதிரே சம்மணமிட்டு உட்காருவாள். விரலை மூக்கின் மேல் வைக்கச் சொன்னால் உள்ளேயே விடுவாள். "இழு" என்றால் தோள் காதைத் தொடுகிற அளவுக்கு இழுப்பாள்.

"அப்பா, மிட்டாய் வாசம்!"

எனக்கும் வரும். செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் தகரம் அடைத்த ஒரு கொட்டகை இருந்தது. இரவெல்லாம் அங்கே பிளாஸ்டிக் குப்பையை எரிப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். புகை விடியற்காலையில்தான் தாழ இறங்கி வீடுகளுக்குள் வருகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. நாங்கள் ஜன்னலைத் திறந்து நெஞ்சு நிறைய இழுத்ததும் அதே நேரத்தில்தான். பாயைத் துடைத்த துணி கறுத்தபோது, ரோட்டுத் தூசி என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று காலை, மூச்சை விடும்போது மகளிடமிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. புதிதாக ஏதோ வித்தை கற்றுக்கொண்டாள் என்று சிரித்தேன்.

"இன்னொரு தடவ செய்ம்மா."

செய்தாள். பிறகு, போதும் நிறுத்து என்றேன். அவளால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. அவளைத் தோளில் போட்டு, மாற்றுத் துணியையும், படுக்கவைக்கப் பாயையும் அள்ளிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

சாலையோரம் நடந்தபடியே மனைவிக்குப் போன் செய்தேன்.

"பிள்ளைக்கு இப்ப எப்படி?"

"தூங்குறா. மூச்சு பரவால்ல. நான் வீட்டுக்குப் போகல. பிரிக்பீல்ட்ஸ் போறேன்."

மெஷின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"நீங்க ஓடுறது புதுசா லா? இந்தத் தடவையாச்சும் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுறீங்க. போங்க. லீவு சொல்லிட்டு சாயங்காலம் வரேன்."

பஸ்ஸும் ரயிலும் மாறித் தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருந்த பழைய லோரிக் கூட்டாளி எங்களுக்குக் கூடத்தை ஒழித்துக் கொடுத்தான்.

"எத்தன நாளு வேணா இரு. ஆனா நாளைக்கே என்னோட வேலைக்கு வா. முதுகு முதுகுங்காத. எனக்கு மட்டும் என்ன இரும்பா?"

சம்பாதித்து இங்கே ஓர் அறை பிடிக்காவிட்டால் மகளை அந்தப் புகைக்கே திரும்பக் கொண்டுபோக வேண்டும். சரி என்றேன்.

சாயங்காலம் மனைவியும் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலையில் நான் பாயைத் தொடவில்லை. மகளே அதை உருட்டி விரித்தாள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, இழு."

ஜன்னல் சாத்தியிருந்தது. நான் இழுக்கவில்லை. அவள் இழுத்தாள். விடும்போது, கடைசியில், அந்த விசில் மெல்லக் கேட்டது. மனைவி என்னைப் பார்த்தாள்.

கீழே கூட்டாளி ஹார்ன் அடித்தான். இறங்கிப் போனேன்.

"என்ன லோடு?"

"போர்ட் கிள்ளான்ல வெளிநாட்டு பிளாஸ்டிக் குப்ப. கட்டுக்கட்டா வந்து கெடக்கு."

"எங்க இறக்கணும்?"

"ஒன் ஊருக்குத்தான். தோட்டத்து ஓரத்துல தகரம் அடைச்ச கொட்டகை ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"தெரியும்," என்றேன். ஏறி உட்கார்ந்து, லோரி ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.