இடி இடித்த நாட்களில் மட்டும் இரைச்சல் இல்லை

2004 புரட்டாசிக் கடைசியில் என் சிடி பிளேயரின் லென்ஸ் போனது. புதிதாக ஒன்று வாங்காமல், இருந்த சிடிகளையெல்லாம் ஒலியைச் சுருக்காமல் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் இழுத்தேன். வீணைத் தந்தியில் விரல் நகர்வதுகூடக் கேட்டது. கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறை. டிவி பழுதாகிக் கிடந்ததால் மனைவி சீரியல் பார்ப்பதும் டிவி கார்டு போட்ட அதே கம்ப்யூட்டரில்தான். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு தேவதானப்பட்டியில் மைக்செட் வைத்திருக்கும் தன் தம்பியை வரவழைத்தாள்.

"தீவாளிக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லைன்னா ஆம்ப்ளிஃபயர் இவனுக்கு."

அவன் அதைத் தூக்கியே பார்த்துவிட்டான். "மச்சான், என்னா கனம்! கல்யாண வீட்டுக்கே காணும்."

"கீழ வைடா."

நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தினமும் மழைக் குறிப்பு எழுதும் நோட்டிலேயே இரைச்சலுக்கும் ஒரு கட்டம் போட்டேன். வயரை மாற்றினேன், பிளக்கை வேறு சுவருக்கு மாற்றினேன், குறையவில்லை. இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டியபோது, இரைச்சல் இல்லாத நாட்களெல்லாம் மழை நாட்களாகத் தெரிந்தன. மண் நனைந்தால் எர்த் சரியாகிறது என்று முடிவு கட்டி, கொல்லையில் இருந்த எர்த் குழியில் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் ஊற்றினேன்.

"முருங்கைக்கு நல்ல தண்ணி ஊத்தியிருந்தா ரெண்டு காயாச்சும் காய்ச்சிருக்கும்" என்றாள் மனைவி.

இரைச்சல் அப்படியே இருந்தது. தீபாவளிக்கு நான்கு நாள். மறுபடி நோட்டை வரிவரியாகப் படித்தேன். ஒரு நாள் 'சாரல்' என்று எழுதியிருந்தேன். அன்று இரைச்சல் இருந்திருக்கிறது. இல்லாத ஐந்து நாட்களிலும் 'இடியுடன் மழை'.

"இடி இடிச்சா இந்த வீட்ல என்ன நடக்குது?"

"என்ன நடக்கும்? கம்ப்யூட்டர்ல இருக்க கேபிள் வயரைப் புடுங்கிப் போட்டுருவேன். சீரியல் நேரத்துக்குத்தான் திருப்பி மாட்டுவேன். கேபிள்காரக சொல்லிட்டுத்தான போனாக."

வயரைப் பிடுங்கினேன், நின்றது. மாட்டினேன், வந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன். தெருக் கம்பத்து கேபிள் வழியாக ஓர் எர்த், வீட்டுச் சுவரில் இன்னோர் எர்த். நடுவில் என் கம்ப்யூட்டர்; இரண்டு எர்த்துக்கும் இடையே ஓடிய கசிவு மின்சாரம்தான் அந்த 'ம்ம்ம்'.

தீபாவளிக்கு முந்தின நாள் மைத்துனன் ஆம்ப்ளிஃபயரை எடுத்துப்போகச் சாக்குப் பையோடு வந்தான். கேபிளைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முழுக்கத் திருகி, பாட்டு எதுவும் போடாமல் அவனை ஸ்பீக்கரில் காது வைக்கச் சொன்னேன்.

"என்ன மச்சான், ஆன்லதான் இருக்கா?"

பாட்டைப் போட்டேன். அலறி எழுந்துவிட்டான்.

"சாக்கை இங்கன போட்டுட்டுப் போடா, அரிசிக்கு ஆகும்" என்றாள் அவன் அக்கா. என்னிடம், "ஏழரைக்கு வயரை மாட்டிரணும், சொல்லிட்டேன்."

அன்றைய பக்கத்தில் எழுதினேன்: மழை இல்லை. இடி இல்லை. இரைச்சல் இல்லை.