அக்கா என்று எழுதிய டம்ளர்

சோப்பு நுரையில் முக்கி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தான். எழுத்து அசையவில்லை. டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கினான். கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக்கின் குறுக்கே, அழியாத மார்க்கரின் கொட்டை எழுத்தில் 'அக்கா' என்றிருந்தது.

அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்த மனைவி இப்போதுதான் போன் செய்திருந்தாள். "ஒண்ணுமே இல்லையாம். அவங்க வீட்டுச் சுவர்ல ஈரம், பூஞ்சை. அதுதான் இருமலாம். யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கிளம்பிட்டோம்."

டாக்டர் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது.

இருமலோடு வந்திறங்கிய அக்காவுக்குத் தனி டம்ளர் ஒதுக்கியது அவன். மனைவி அப்போதே சொன்னாள்: "எழுதாதீங்க. நான் பார்த்துத் தனியா வெச்சுக்கறேன். எழுதினா மனசு கஷ்டப்படும்."

"இதுல கஷ்டப்பட என்ன இருக்கு? பிள்ளை இருக்கிற வீடு" என்று பெரிய இவன் மாதிரி மார்க்கரை எடுத்தான்.

அடையாளம் போடுகிற புத்தி தொழிலிலிருந்து வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். ஆளை உட்காரவைத்து, ஃப்ரேமை மாட்டி, கண்மணிக்கு நேராக ஒரு புள்ளி வைப்பான். வெட்டி முடித்ததும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு துடை. கடையில் அவனுக்குப் பேரே புள்ளிதான். "டேய் புள்ளி, பொண்டாட்டி நெத்திப் பொட்டும் நீதான் அளவெடுத்து வெக்கிறியா?" என்பார் முதலாளி. அவனும் சிரிப்பான். வீட்டில் குடை, துண்டு, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றிலும் அவன் கைவரிசை இருந்தது.

கடைக்கு இன்று விடுமுறை. ஸ்பிரிட் உள்ளே பூட்டிக் கிடந்தது. மனைவி நகப்பூச்சு அழிக்க வைத்திருக்கும் குப்பி அலமாரியில் இருந்தது. அதை அவன் தொடவில்லை. அதைக்கொண்டு ஒரு தடவை பிளாஸ்டிக் லென்ஸைத் துடைத்து, அது பால் ஊற்றினாற்போல் வெளுத்துப்போய், முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். பற்பசை கீறிவிடும். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் காலத்துக்கும் நிற்பதற்கு எழுத்தே தேவலை.

அக்கா அந்த டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல் நாள் கையில் வாங்கினாள், படித்தாள், குடித்தாள். கழுவி, மற்ற டம்ளர்களின் மேல் படாமல் ஜன்னலோரம் கவிழ்த்தாள்.

சின்ன வயசில் மிட்டாயைப் பாவாடை நுனியில் சுற்றி, காக்காக் கடி கடித்துப் பாதி தருவாள். "துணி நாறுது, அப்படியே கடிச்சுக் குடு" என்று அடம்பிடித்தவன் அவன்தான். ஆளில்லாத சமையலறையில் அவனுக்குக் காது சுட்டது.

சாப்பாட்டு மேசைமேல் மகளின் வெள்ளைப் பலகை கண்ணில் பட்டது. அதன் பேனாவில் இருப்பது துடைத்தால் போகிற மை. அழியாத மையின்மேல் அதைக்கொண்டு எழுதினால் அடியிலிருப்பது இளகும். காய்வதற்குள் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பிரிட் தீர்ந்துபோன நாள்களில் கடையில் செய்திருக்கிறான்.

டம்ளரை மேடையில் கிடத்தி, பழைய கோட்டின் மேலேயே ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டு வந்தான். இடம் விடாமல் எழுத வேண்டும். அதில் மூழ்கியதில் வாசலில் செருப்பு விடும் சத்தம் காதில் விழவில்லை.

"மங்கிப்போச்சாடா?"

பின்னால் அக்கா. அவன் கையில் 'அக்கா' ஈரமாக, முன்னைவிடக் கறுப்பாக மின்னியது.

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"நல்லா அழுத்தியே எழுது. கழுவும்போது எழுத்து போயிடுமோன்னு நான் உள்பக்கம் மட்டும்தான் தேய்ப்பேன். பாப்பா தெரியாம எடுத்துட்டா?" குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணி, அதான் ஒட்டாதுன்னுட்டாரே" என்றபடி வந்த மனைவி, அவன் கையைப் பார்த்ததும் நின்றாள். "ஏங்க, போன்ல சொன்னது காதுல விழலையா?"

"எழுதல. அழிக்கிறேன்."

"எழுதித்தான் அழிப்பாங்களா? எந்த ஊர் வித்தை இது?"

துணியை எடுத்துத் துடைத்தான். பேச்சில் மை காய்ந்துவிட்டிருந்தது. பாதி வந்தது, பாதி நின்றது.

"இன்னொரு தடவை எழுதணும்" என்றான், தரையைப் பார்த்து. பேனா பட்டு டம்ளர் மேடையில் உருண்டது.

"கொண்டா, நான் பிடிச்சுக்கறேன்."

அக்கா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்துக்கு நேராக அவன் மறுபடியும் 'அக்கா' என்று எழுதினான். உடனே துடைத்தான். சுத்தமாக வந்துவிட்டது. கீறல் இல்லை, மங்கல் இல்லை.

"அட, போயிடுச்சே! கைகாரன்தான்டா நீ."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவளுக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் டம்ளர்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. எது எதுவென்று அவனுக்கே தெரியவில்லை. அக்கா வந்தாள். மாத்திரையை வாயில் போட்டு, குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். மகள் பள்ளிக்கூடம் போனாள். அவன் கடைக்குப் போய் லென்ஸ் வெட்டினான். சாயங்காலம், சுவர் பூச ஆள் வருகிறது என்று சொல்லி அக்கா கிளம்பினாள். பஸ் நிற்கும் இடம்வரை பையை அவன் தூக்கிப்போனான். பஸ் வர நேரமாயிற்று. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.