குன்னூரிலிருந்து வந்த புல்

கொர்னேலியஸ் புல் போட்டுப் பிழைத்த மனுஷன். ஆனால் சபையின் புல்தரையில் மட்டும் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆராதனை முடிந்து ஜனங்களெல்லாம் டீக்கோப்பையும் கையுமாகப் புல்லில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். இவர் செங்கல் பதித்த ஓரத்திலேயே நின்று குடித்துவிட்டுப் போய்விடுவார். புல் நசுங்கிவிடுமே என்று பயப்படுகிறார், உத்தியோக புத்தி ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை என்று வாலிபர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்து வைப்பார். காரணம் அதுவாக இருந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்!

அவருக்கு ஹைதராபாத் பாலாநகரில் ஒரு சர்க்கார் ஃபாக்டரியில் வேலை, தோட்டப் பிரிவு சூப்பர்வைசர். ஃபாக்டரி எழும்பியபோது அங்கே பாறையும், மொரம் என்று இந்த ஊரில் சொல்கிற சிவப்புச் சரளையும்தான் கிடந்தன. அதில் ஏக்கர் கணக்காகப் பச்சை விரித்தவர் அவர். எல்லாம் அருகம்புல். உப்பல் பக்கத்து ஏரிக்கரைகளிலிருந்து வண்டி வண்டியாக வெட்டி வந்து, கணுக்கணுவாக நட்டு வளர்த்தது. ஏப்ரல், மே வெயிலில் செத்த மாதிரி கிடக்கும். ஜூனில் ஒரு மழை விழுந்தால் போதும், எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் இதுதான் புல் என்று புதிதாகச் சேருகிற தோட்டக்காரர்களுக்கு அவரே பாடம் நடத்துவார். பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் பரிந்து பேசிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லி வைப்பது.

லாலாகுடாவில் ரயில்வே ஒர்க்ஷாப் தமிழர்கள் கட்டிய அவருடைய சபைக்கு 1976-இல் ஐம்பது வயது. பிப்ரவரியில் பிஷப் வருவதாக ஏற்பாடு. கோயிலுக்கு முன்னால் மொட்டையாகக் கிடந்த தரையில் புல் போட்டு, ஆராதனை முடிந்ததும் அங்கேயே அவருக்கு வரவேற்பு கொடுக்க வேண்டும் என்று கமிட்டி கூடியது. செயலாளர் சிலாஸ், ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். திருநெல்வேலியை விட்டு வந்து நாற்பது வருஷமாகியும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. எந்தப் புல் போடலாம் என்று கேட்டதற்கு, நம் தரைக்கு அருகம்புல்தான் நிற்கும் என்று கொர்னேலியஸ் சொன்னார்.

"பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடுத புல்லுல்லா வே அது," என்றார் சிலாஸ். "அதுமேலயா பிஷப்ப நிக்க வைக்கப் போறீரு?"

கமிட்டி சிரித்தது. புல்லுக்கு ஏது ஐயா மதம், ஃபாக்டரியில் இருக்கிற இத்தனை ஏக்கரிலும் அதுதானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பதினெட்டு வருஷ அனுபவம், நாலு பேர் சிரித்த சிரிப்பில் போயிற்று. குன்னூரிலிருந்து இங்கிலீஷ் புல் இறக்கிவிடலாம், பட்டு மாதிரி இருக்கும் என்று அவர் வாயே சொல்லிற்று. ஒரு தடவை டிரெயினிங்குக்குப் போனபோது அங்கே பார்த்த புல். மலைக்குளிரில் வளர்வது. மனசுக்குள் ஒரு கணக்கும் ஓடியது: டிசம்பரில் பதித்தால் பிப்ரவரி வரைக்கும் குளிர் காப்பாற்றிவிடும். பிஷப் வந்து போன பிறகு செத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

புல் ரயிலில் வந்தது. ஒரு சாண் அகலத்துக்குச் சதுரம் சதுரமாக, வேரோடும் கறுப்பு மலை மண்ணோடும் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றியிருந்தார்கள். கொர்னேலியஸ் ஃபாக்டரியில் லீவு போட்டு, செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போய் அவரே எடுத்து வந்தார். மொரத்தை ஒரு அடி ஆழம் தோண்டி எடுத்து, வண்டலும் மக்கிய சாணமும் மணலும் கலந்து நிரப்பி, செங்கல் அடுக்குகிற மாதிரி மூட்டுக்கு மூட்டு விலக்கிச் சதுரங்களைப் பதித்து, கட்டையால் தட்டிச் சமப்படுத்தினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. போட்ட சரக்குதான் தப்பு.

கூடவே மண் சுமந்தவள் நாகம்மா. எட்டு வருஷமாகக் கோயில் வளாகத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறவள். புருஷன் இல்லை, கோயிலுக்குப் பின்னால் மூலையில் இருந்த ஒற்றை அறைதான் வீடு. தெலுங்குக்காரிதான், ஆனாலும் சபையாரோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. சாக்கைப் பிரித்ததுமே ஒரு சதுரத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அய்யா, இது நம்ம எண்டைக்கு நிக்காது," என்றாள். வெயிலை அவள் எண்டை என்றுதான் சொல்வாள். "நம்ம கரிகைப் புல்லே போட்றலாமே."

கரிகை என்றால் அருகம்புல்தான். கொர்னேலியஸ் காதில் விழாத மாதிரி அடுத்த சாக்கைப் பிரித்தார்.

ஜனவரி முழுக்கப் புல் பட்டாகத்தான் கிடந்தது. பார்க்கிறவரெல்லாம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தச் சமயத்தில் கடிதம் வந்தது: பிஷப்புக்குப் பிப்ரவரியில் தோதில்லை, ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அன்றைக்காவது கொர்னேலியஸ் வாயைத் திறந்திருக்கலாம், இன்னும் மூன்று மாசம் கையில் இருந்தது. நாகம்மாவைக் கூப்பிட்டு, காலையும் சாயங்காலமும் தண்ணீர் விடு என்றார். மார்ச்சில் நுனி கருகத் தொடங்கியதும், மத்தியானமும் விடு என்றார். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து அவள் ஊற்றினாள். ஹைதராபாத் வெயிலில் வெந்நீராகிப்போன தண்ணீரில் அந்த மலைப்புல் வேரோடு அழுகியது. ஊற்ற ஊற்றச் செத்தது. அவள் இடுப்பில் குடம் தேய்த்துத் தோல் உரிந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

பிஷப் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கமிட்டி கூடியது. ஜன்னலுக்கு வெளியே தரை தென்னைநார் பரப்பின மாதிரி கிடந்தது.

"என்னவே இது? பட்டுன்னு சொன்னீரு?" என்று கேட்டார் சிலாஸ்.

கொர்னேலியஸ் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தண்ணி போதல," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். யார் பேரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வளாகத்தில் தண்ணீர் ஊற்றுகிறவள் ஒருத்திதான். வேலையில் கவனமில்லாதவளுக்கு வீடு எதற்கு, திங்கட்கிழமை காலி செய்யச் சொல்லுங்கள் என்று சிலாஸ் முடித்துவிட்டார். ஆளுக்கொரு தலையாட்டல். கொர்னேலியஸ் மேஜைவிரிப்பின் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்டிகை முடியட்டும், தனியாகச் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். இந்த மாதிரிச் சமாதானம் சொல்லத் தெரியாத மனசு எது?

மறுநாள் செத்த புல்லின்மேல் ஜமக்காளம் விரித்தார்கள். பிஷப் அதன்மேல் நின்று ஆசீர்வதித்தார். திங்கட்கிழமை கொர்னேலியஸ் ஒரு நாளுமில்லாமல் முதல் பஸ்சுக்கே ஃபாக்டரிக்குப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்த மூலை அறை பூட்டிக் கிடந்தது. உப்பலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஐவி கேட்டதற்கு வெயில் என்றார்.

ஜூனில் மழை விழுந்தது. பதினைந்தே நாளில் கோயில் முன்வாசல் பச்சையாகிவிட்டது. குன்னூர்ப் புல் மறுபடி துளிர்த்துவிட்டது, கொர்னேலியஸ் கை ராசி அப்படி என்று சபை முழுக்கப் பேச்சு. அவருக்கு மட்டும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது: அருகம்புல். தானாக வந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு சனிக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் குனிந்து பார்த்தார். செத்த சதுரங்கள் சேருகிற மூட்டுகளில், நூல் பிடித்த மாதிரி வரிசையாக, சாணுக்கு ஒரு கணு. தானாக முளைக்கிற புல் இப்படி வரிசை பார்த்து முளைக்காது. தெருக்குழாயடியில் மண்டிக்கிடந்த கரிகையைப் பிடுங்கி, போகிற அன்று ஒரு கை இதை உட்கார்ந்து நட்டிருக்கிறது.

என் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். அப்படி எண்ணியபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அதிலும் ஓரத்தில் ஒரு துளி சுகம் இருந்தது. அந்தத் துளியை அவர் தமக்கே பிற்பாடு மன்னிக்கவில்லை.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகை அன்று, சபையார் முன்னிலையில் சிலாஸ் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல். வீட்டில் ஐவி அதை மடித்து அந்துருண்டை போட்டு அலமாரியில் வைத்தாள். கொர்னேலியஸ் அந்த வாரம் ஃபாக்டரிக்கு மட்டம் போட்டுவிட்டு உப்பலுக்கு பஸ் ஏறினார்.

நாகம்மா ஒரு கட்டட வேலையில் கல் சுமந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, புல் வந்துவிட்டதா என்று அதைத்தான் முதலில் கேட்டாள். வந்துவிட்டது என்றார். கமிட்டியில் தாம் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தார். வார்த்தை கோவையாக வரவில்லை.

"தெலுசு அய்யா, எல்லாம் தெரியும்," என்றாள். "ஜன்னலுக்குக் கீழதான் குடம் வெச்சிட்டு நின்னிருந்தேன்."

அவருக்கு உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. ஒரு மணல் குவியலில் உட்கார்ந்தார். எல்லாம் கேட்ட பிறகும் எனக்காகப் புல் நட்டாயே என்று ஒரு மாதிரியாகச் சொல்லி முடித்தார்.

நாகம்மா அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"உங்களுக்கு எதுக்கு அய்யா நடப்போறேன்?" என்றாள். "எட்டு வருஷம் நான் பெருக்கின இடம். மொட்டையா விட்டுட்டுப் போக மனசு வரல." பிறகு கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் தண்ணி ஊத்தினேன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் கொர்னேலியஸ் எழுந்து நின்றார். கையில் அந்தப் பொன்னாடை இருந்தது. நாகம்மா ஒரு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினாள், அந்தப் புல் வெயிலில் சாகும் என்று பதிக்கும்போதே எனக்குத் தெரியும், இப்போது நீங்கள் நிற்பது அவள் நட்ட அருகம்புல் என்றார். பொன்னாடையைப் பீடத்தின் படியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சிலாஸ் பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வெகுநேரம் பக்கம் தேடினார். அருகம்புல் என்று தெரிந்துவிட்டதே, பிடுங்கிவிடலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றைக்கும் ஆராதனை முடிந்து அதன்மேல் நின்றுதான் எல்லாரும் டீ குடித்தார்கள்.

கமிட்டி ஆள் அனுப்பி நாகம்மாவைத் திரும்ப அழைத்தது. வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் சொல்கிற நக்கோ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு மட்டும் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லின் நடுவே போய் நின்று, குனிந்து, சதுரங்கள் சேர்ந்த ஒரு மூட்டில் புல்லை விரலால் விலக்கிப் பார்த்தாள். செங்கல் ஓரத்தில் நின்றிருந்த கொர்னேலியசைக் கூப்பிட்டாள்.

"வாங்கய்யா, நின்னு பாருங்க. மெத்துனு இருக்கு."

கேலியுமில்லை, குத்தலுமில்லை, உள்ளபடிக்குத்தான் கூப்பிட்டாள். கொர்னேலியஸ் செருப்பைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கவும் செய்தார். பிறகு அந்தக் காலைச் செங்கலிலேயே வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பந்தியில் இலை போடப் போய்விட்டார்.