காந்தம் இழுத்த பிளாட்டினம்

என் வீட்டுக்காரர் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் ஒரு சுரங்கத்துக்கு வெல்டர் வேலைக்குப் போனார். அங்கே ஆற்று மணலை அலசிப் பிளாட்டினம் எடுக்கிறார்கள் என்று போனில் சொன்னார். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தெரியாத இடம் என்றாலே எனக்குப் பயம். வேறு எங்கோ, வேறு யாருடனோ இருந்துகொண்டு கதை விடுகிறாரோ என்று, வீட்டில் தனியாக ஜரிகை சுற்றும் நேரமெல்லாம் மனசு அரிக்கும்.

ஊருக்குத் திரும்பிய அவருடைய கூட்டாளி ஒரு மாத்திரை டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பஞ்சில் சின்னப் பட்டாணி அளவுக்குச் சாம்பல் நிறக் கட்டி ஒன்று. அளவுக்கு மீறிய கனம். "இங்க கிடைக்கிற பிளாட்டினம் இதான், உனக்குக் காட்டத்தான் கேட்டு வாங்கினேன்" என்றார் என் வீட்டுக்காரர் போனில்.

பழைய பட்டுப்புடவையை எரித்து ஜரிகை வெள்ளியை உருக்கி எடுக்கும் கடைக்குக் கொண்டுபோய், வீட்டுக்காரர் ரஷ்யாவிலிருந்து அனுப்பிய பிளாட்டினம் என்று சொன்னேன். அந்தத் தொழிலில் யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் காந்தம்தான். கடைக்கார பாய் காந்தத்தை நீட்டினார். கட்டி போய் ஒட்டிக்கொண்டது.

"இரும்புமா. பிளாட்டினம் காந்தத்துல ஒட்டாது. உன் வீட்டுக்காரர யாரோ நல்லா ஏமாத்திக்கினு இருக்காங்க."

"அவரு என்னை ஏமாத்தறாரா பாய்?"

"அத அவரத்தான் கேக்கணும். என் காந்தத்துக்கு அவ்ளோதான் தெரியும்."

அன்றிலிருந்து அவர் கூப்பிட்டால் நான் எடுக்கவில்லை. போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். கட்டியை உப்புத் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்தேன். இரும்பென்றால் துருப்பிடிக்கட்டும், மனசு ஒரு முடிவுக்கு வரும். கூடப் போட்ட குண்டூசி பழுப்பேறித் தண்ணீரையும் கெடுத்தது. கட்டியில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை.

மறுபடி போனேன்.

"இன்னாமா, இரும்ப வுடமாட்டியா?" என்று சிரித்தபடி, வெள்ளி உருக்கும் நெருப்பை பாய் அதன்மேல் காட்டினார். சிவந்தது, ஆறியது, இரும்பைப் போலக் கருஞ்செதில் கட்டவில்லை. தராசில் அதே அளவுள்ள சைக்கிள் இரும்புக் குண்டைப் போல இரண்டு மடங்கு நின்றது. அவர் சிரிப்பை விட்டுவிட்டுப் போனில் தேடிப் படித்தார்.

"இப்படி ஒண்ணு இருக்குதுமா. பூமிக்குள்ளயே பிளாட்டினத்தோட இரும்பு கலந்து உருவாகுதாம். முக்காவாசிக்கு மேல பிளாட்டினம்தான், ஆனா அந்த இரும்பால காந்தம் இழுக்கும். ஐசோஃபெரோபிளாட்டினமாம், வாயில நுழையல. அபூர்வமாத்தான் கிடைக்குமாம். பாறையிலேர்ந்து உதிர்ந்து ஆத்து மணல்ல சேருது. ரஷ்யான்னும் போட்டுக்குது. லேப்ல குடுத்தாதான் உறுதி. ஆனா வெறும் இரும்பு இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் அவர் சென்னையிலோ எங்கேயோ இருப்பார், சண்டை போட்டாவது இழுத்துவந்துவிடலாம் என்று மனசின் ஒரு மூலை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அவர் நிஜமாகவே அத்தனை தூரத்தில், அந்தப் பனியில்தான் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"இன்னா ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?"

"போன் ரிப்பேர்" என்றேன். "சாப்டீங்களா?"

"சாப்ட்டுக்கினுதான் இருக்கேன்."

"அப்ப பேச வேணாம். போன வைக்காம சாப்பிடுங்க."

அவர் மெல்லும் சத்தம் கேட்டது. நானும் சோறு போட்டுக்கொண்டு வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.