துளை விழுந்த சோப்பு

என் மேசையில் ஒரு துணி சோப்பு கிடக்கிறது. வாங்கியபோது நல்ல நீலம். இப்போது வெளிறி, ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. ஆறு பக்கமும் துளைகள், பழைய குடைக்கம்பியால் குத்தியவை. பட்டறைக்கு வருகிறவர்கள் எலி கடித்ததா என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். குத்தியது என் அண்ணன் மனைவி. எங்கள் ஊர் வழக்கப்படி எனக்கு மைனி.

எங்கள் ஊரான கொட்டாரத்தில் வயலோரத் தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் இயந்திரங்களுக்கு வால்வு பிளாக் செய்கிறோம். பம்ப் தள்ளுகிற எண்ணெய் எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று வால்வுகள் முடிவு செய்யும். அவற்றைக் குழாய் குழாயாக இணைத்துக்கொண்டு போனால் இயந்திரம் இடியாப்பச் சிக்கலாகிவிடும். அதற்குப் பதில் ஒரே இரும்புக் கட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு வழிகளை உள்ளேயே அமைத்து, வால்வுகளை மேலே பூட்டிவிடலாம். சேர வேண்டிய துளைகள் சேர வேண்டும். சேரக்கூடாதவற்றுக்கு நடுவே தடித்த சுவர் இருக்க வேண்டும். மைனி வரைவார், நான் துளைப்பேன். அண்ணன் மஸ்கட்டில் இருந்தான்.

மைனிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. கணினி முன் உட்கார்ந்தால் நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிடுவார். சாயாவை நடந்துகொண்டேதான் குடிப்பார். யோசனை எங்காவது முட்டி நின்றால் வீட்டிலிருந்து சோப்பை எடுத்துவந்து குடைக்கம்பியால் குத்த ஆரம்பிப்பார். திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும், கைக்குத்தான் உண்மை புரியும் என்பது அவர் கட்சி. அம்மா ஒருநாள் துவைக்கிற கல்லிலிருந்து கத்தினாள்: "சோப்பு சல்லடை மாதிரியில்லா இருக்கு! இந்தப் பிள்ளைக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கோ!" மைனி ஈரச் சோப்பை அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார், குத்தியது அழிந்துபோகுமாம்.

அவர் மனசை அரித்துக்கொண்டிருந்தது ஒரே ஆசை. இயந்திரத்துக்கு இயந்திரம் புதிதாக வரையாமல், எதற்கும் பொருந்துகிற ஒரு பிளாக். எல்லா வழிகளும் உள்ளே இருக்கும். வேண்டாததைத் திருகடைப்பால் மூடிக்கொள்ளலாம். "நாளைக்கு இன்னொருத்தன் வந்து வேற ஒண்ணு கேப்பான் மக்கா. அப்ப மொதல்ல இருந்து தொடங்கவா?" என்பார். துளை கூடக்கூடச் சுவர் மெலியுமே என்று நான் முணுமுணுப்பேன். "எல்லாரையும் ஒரே வண்டியில ஏத்துனா அச்சு முறியும் மைனி." அவர் காதில் விழாது. அதற்குள் கொட்டகையின் அந்தக் கோடிக்கு நடந்துபோயிருப்பார்.

குழித்துறையில் ரப்பர் மிதியடி அழுத்தும் இயந்திரங்கள் செய்கிற முதலாளி ஒருவர், தன்னுடைய எல்லா வகை இயந்திரத்துக்கும் ஒரே பிளாக் பொருந்தினால் முழு வேலையும் எங்களுக்கே என்று ஆசை காட்டினார். அதே சமயத்தில் அண்ணன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: இதுவும் சரிவராவிட்டால் பட்டறை போதும், மைனி மஸ்கட்டுக்கு வந்துவிட வேண்டும். அவனைக் குறை சொல்லவும் முடியாது. கல்யாணமானதிலிருந்து போனிலேயே குடும்பம் நடத்தியவன். மைனி சோப்பைக் குத்திக்கொண்டே இருந்தார். வரைபடம் முடிந்த பிறகு, குளச்சல் படகுகளில் வலை இழுக்கிற வின்ச்சுக்கும் ஆகட்டுமே என்று இன்னொரு வழியையும் நுழைத்தார்.

சோதனையன்று முதலாளியின் இயந்திரத்தில் பிளாக்கைப் பூட்டினோம். கீழ்த்தட்டு எண்ணெய் அழுத்தத்தில் மேலேறி, ரப்பர் வேகும்வரை அசையாமல் நிற்க வேண்டும். தட்டு நின்ற இடத்தில் தூணில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார் மைனி. பிறகு நடக்க ஆரம்பித்தார். வாசலுக்கும் இயந்திரத்துக்கும், இயந்திரத்துக்கும் வாசலுக்கும். நானும் எழுந்து நடந்தேன். வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை. முதலாளி பிளாக்கைத் தட்டிப் பார்த்து, "கொள்ளாம்" என்று மெச்சினார். கொஞ்ச நேரம் கழித்துத் தூணுக்குப் பக்கத்தில் குனிந்தவர் குரலே மாறிவிட்டது. "இது தானா எறங்குதே பிள்ளே!"

தட்டு கோட்டுக்குக் கீழே வந்திருந்தது.

பட்டறையில் பிளாக்கை ரம்பத்தில் கொடுத்து இரண்டாக அறுத்தோம். நீளமான துளை உள்ளே போகப்போகச் சற்று விலகும், அது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். கடைசியாக நுழைத்த வின்ச் வழி அந்த விலகலுக்கு இடம் வைக்கவில்லை. நடுவில் பனையோலைத் தடிமனுக்குத்தான் சுவர்; அது பிய்ந்து எண்ணெய் ஒரு வழியிலிருந்து மறு வழிக்குப் போயிருந்தது. மைனி பிய்ந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அது பொறுக்கவில்லை. ஏதாவது திட்டட்டும், நடக்கட்டும் என்று இருந்தது. விசா வந்தது, போய்விட்டார்.

அதன்பிறகு பிறர் வரைந்து தருவதைத் துளைத்துக் காலம் தள்ளினேன். மைனி வீடியோவில் பேசும்போது மீன் விலை, வெயில், அடுத்த வீட்டுக் குழந்தை என்று சொல்வார். ஒருநாள் பட்டறைப் பேச்சை எடுத்தேன். "எல்லாம் மறந்துபோச்சு மக்கா. அத எதுக்கு இப்ப?" என்றார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துதான் பேசினார். அந்த உட்கார்ந்த கோலம் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. அண்ணன்மேல் ஆத்திரம் வந்தது, பட்டறையை விட்டுவிட்டுப் போன அவர்மேலும் வந்தது.

போன மாதம் அண்ணனின் சிநேகிதர் ஊருக்கு வந்தபோது அவரிடம் அண்ணனும் மைனியும் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருந்தார்கள். பேரீச்சம்பழம், பால்பொடி, வாசனைச் சோப்புகள். அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்ததும் அலறினாள்: "ஏலே, அங்க போயும் தொடங்கிட்டாளே!"

துளைகள் குத்திய இரண்டு சோப்புகள், பக்கம் பக்கமாகக் கொண்டை ஊசியால் பிணைக்கப்பட்டிருந்தன. நான் குடைக்கம்பியைத் தேடி ஓடினேன். கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தால், ஒரு சோப்பின் வழி மற்றதன் வழியோடு நேராகச் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டிக்குள் திணிக்கவில்லை. இயந்திரத்துக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை சின்னக் கட்டிகளைச் சேர்த்துப் பூட்டிக்கொள்ளலாம். சுவர்களெல்லாம் தாராளம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா பார்க்காமல் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அந்தச் சோப்புகளைப் பார்த்தே இரும்பில் துளைத்தேன். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் மறுபடி சோதனைக்குச் சம்மதித்தார். தூணில் கோடு போட்டு, போனை அதற்கு எதிரே பிடித்தேன். திரையில் மைனியின் படம் ஆடிக்கொண்டே இருந்தது. மஸ்கட் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடக்கிறார். வெகுநேரம் கழித்துப் பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது: "ஏலே, தட்டு நிக்குதா? நல்லாப் பாத்துச் சொல்லு." அவனும் நடந்துகொண்டுதான் இருந்தான்.

தட்டு கோட்டிலேயே நின்றது.

மைனி திரும்பி வருவாரா என்று நான் கேட்கவில்லை. இல்லை என்றுவிட்டால் என்ன செய்வது? நீலச் சோப்பின் பக்கத்திலேயே இந்த இரண்டையும் வைத்திருக்கிறேன். பட்டறையில் எண்ணெய் வாடையை மீறி மணக்கின்றன. நேற்று பேசியபோது, "அந்த சோப்ப குளிக்க எடுத்துராதீங்க. அதுல இன்னும் ஒரு துளை பாக்கி இருக்கு" என்றார். "எந்தப் பக்கம் மைனி?" என்று கேட்டபடி குடைக்கம்பியை எடுத்தேன்.