கறுப்பாய் விழுந்த எழுபது சென்ட்

அந்தத் தாள் வந்ததிலிருந்து ஞானம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நிலமில்லாத கூலிகளுக்கென்று அரசாங்கம் அவள் மாமனாருக்குக் கொடுத்த எழுபது சென்ட் கழனி, ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கிறது. பயிர் வைக்காமல் போட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது நிபந்தனை. முப்பது வருஷமாக அவள் அதைத் தரிசாய் விட்டதில்லை. ஆனால் தாலுகா ஆபீஸிலிருந்து வந்த அந்தத் தாளில், செயற்கைக்கோள் ரேடார் இரண்டு முறை பார்த்தும் பயிர் இல்லை என்று போட்டிருந்தது.

அது பார்த்த நாட்களில் சேறடித்துத் தண்ணீர் கட்டியிருந்தாள், நாற்று நடுவதற்குத்தான் ஆளில்லை. ஊர்ப் பெண்களெல்லாம் விடிந்ததும் கும்மிடிப்பூண்டி கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். நடவென்றால் ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு ஞாயிறு மழை, அடுத்தது சாவு, அதற்கடுத்தது கல்யாணம். களை முளைக்காதிருக்க அதுவரை கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தியிருந்தாள். நட்டு இப்போது பதினைந்து நாள்.

ஆபீஸிலிருந்து சரிபார்க்க வந்த சந்திரமோகன் பைக்கை விட்டு இறங்கவில்லை.

"இது இன்னா கோரையா சார்? நெல்லு சார்" என்றாள் ஞானம்மா.

"தெரியுதும்மா. ஆனா சேட்டிலைட் பாத்தப்ப வெறும் தண்ணி. ரேடார் கதிரு தேங்குன தண்ணியில பட்டா வழுக்கிக்கினு அந்தாண்ட பூடும், திரும்பாது. படத்துல கறுப்பா உழும். செடி இருந்தா செதறித் திரும்பும், வெளுப்பா தெரியும்."

"அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்க" என்றாள் மகள் ஏஞ்சல். "நீங்க பாக்குறீங்கல்ல? அத்த எழுதுங்க."

"நான் பாத்தத எழுத இதுல எடமே இல்லம்மா" என்று போனைக் காட்டினான். "செவ்வாய்க்கெழம காலைல ஆறு மணிக்கு மறுபடி பாக்கும். அப்பவும் கறுப்பா உழுந்தா நெலம் போச்சு. பயிரு குட்டையா கீது, தண்ணிய வடிச்சா நல்லா தெரியும்."

கருவி பொய் சொல்லவில்லை. தண்ணீர் இருந்தது, தண்ணீர் என்றது. அதைப் பயிரில்லை என்று எழுதியது மனிதக் கை. பக்கத்திலேயே எவனோ கம்பிவேலி போட்ட பத்து ஏக்கரில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ரேடாருக்கு அது செழித்த பயிர். அவனுக்கு நிபந்தனையும் இல்லை, தாளும் இல்லை.

ஏரி மடையை இனிப் பத்து நாள் கழித்துத்தான் திறப்பார்கள்.

"வடிச்சா பயிரு காஞ்சிடும்மா" என்றாள் ஏஞ்சல்.

"வடிக்காட்டி நெலமே பூடுமேடி."

திங்கள் மாலை மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டாள். முந்தாநாள் போட்ட யூரியாவோடு தண்ணீர் சலசலவென்று ஓடியது.

மறுநாள் ஆறு மணிக்குக் கழனி நடுவில் நின்று அண்ணாந்தாள். ஜீப் வந்தால் சத்தம் கேட்கும், ஆள் வந்தால் காலில் விழலாம். வானத்தில் ஒன்றுமே இல்லை. பார்த்துவிட்டதா, இன்னும் பார்க்கவில்லையா? தன் நிழல் பயிர்மேல் விழுந்து கெடுத்துவிடுமோ என்று பதறி வரப்பேறினாள்.

வெயில் ஏறியது. சேறு இறுகத் தொடங்கியது. ஏழரை மணிக்குத்தான் துணிந்து இறங்கி, வெட்டிய இடத்தை மண் போட்டு அடைத்தாள். உள்ளே தேக்கிவைக்க ஒரு சொட்டு இல்லை.