பின் அடித்து வைத்த கடைசி அத்தியாயம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று கரிக்கலாம்பாக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். வயலாக இருந்தபோது நாற்று நட்டேன். அதே வயல் மனையானதும் இப்போது மனைக்கல் நடுகிறேன். அப்படிப்பட்டவன் ஒரே வருடத்தில் ஐந்து புது நாவல் படித்தேன் என்றால், அதற்குக் காரணம் என் அக்கா.

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் என் வண்டியில் உட்கார வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவேன். நாலு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மறு கையில் பிரஷர் பட்டை. புத்தகத்தை எந்தக் கையால் பிடிப்பது? கதைப் புத்தகம் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் நான் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான்.

முதல் நாவலில் ஒரு டாக்டர் ஊசி போட்டே ஆட்களைக் கொல்கிறான். நல்ல விறுவிறுப்பு. ஆனால் டயாலிசிஸ் வார்டில் படிக்க ஏற்றதில்லை. கையில் ஊசியோடு நின்ற நர்ஸம்மா, "ஏங்க, இத இங்கயா படிப்பீங்க?" என்றார்.

"கொல பண்றது டாக்டருதாம்மா, நர்ஸு நல்லவங்க," என்றாள் அக்கா.

இரண்டாவது காதல் கதை, தெரியாமல் வாங்கியது. நாற்பது பக்கத்துக்கு மழை பெய்தது. "இன்னாடா இது, ஒருத்தனும் சாவ மாட்டேங்குறான்?" என்று அக்கா அதை மூடச் சொன்னாள்.

மூன்றாவதில் கொலைகாரனை முப்பதாம் பக்கத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றிலும் அப்படித்தான். "எவன் மொதல்ல ஒப்பாரி வெக்கிறானோ அவன்தான்டா" என்பாள்.

நாலாவது சுமார்தான். அதில் துப்பறிகிறவன் வெயிலில் ஓடி வந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பான். அக்காவுக்கோ ஒரு நாளைக்கு அளந்து வைத்த மூன்று டம்ளர் தண்ணீர்தான். "அந்த எடத்த இன்னொரு வாட்டி படிடா," என்றாள். படித்தேன். "இன்னொரு வாட்டி." நாவலில் வேறெதுவும் எனக்கு ஞாபகமில்லை.

அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள், "நாளைலேர்ந்து வரலடா, போதும்," என்றாள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தது. எனக்கு ஒரு புத்தி தோன்றியது. மனை ஆபீசில் ஸ்டேப்ளர் வாங்கி அந்தப் பக்கங்களைச் சேர்த்து இரண்டு பின் அடித்தேன். "மிஷின்ல வந்து படு, பிரிச்சிப் படிக்கிறேன்," என்றேன். "போடா பேமானி" என்று திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

ஐந்தாவது நாவலுக்கு வாங்கின அன்றைக்கே பின் அடித்துவிட்டேன். கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் மோட்டார் கொட்டகையில் செத்துக் கிடக்கிறார். சந்தேகம் வக்கீல் மேல், இரண்டாம் மனைவி மேல், பால்காரன் மேல். இரண்டு மாதம் அதை இழுத்தேன். நான் மெதுவாகப் படிப்பது வாழ்க்கையில் அப்போதுதான் உதவியது.

இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் கதை இருந்தது. காலையில் வண்டியை எடுத்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"கொலகாரன் அந்த வக்கீலுடா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நேத்து நீ கல்லு நடப் போனப்ப பின்னப் பிச்சிப் பாத்துட்டேன். கத முடிஞ்சி போச்சி. இனிமே அங்க வந்து இன்னாத்தக் கேக்கப்போறேன்?"

"வேற புக்கு வாங்கியாரேன்க்கா."

"வேணாம்டா. என் கையப் பாரு, குத்த எடமில்ல. நீ படிக்கிறதக் கேட்டுக் காதும் தேஞ்சி போச்சி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபித்துக்கொண்டேன். இரண்டு மாதம் கஷ்டப்பட்டுப் படித்த கதையைக் கெடுத்துவிட்டாளே என்று அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உறைக்க அடுத்த நாள் ஆனது. அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. எட்டாம் நாள் போய்விட்டாள்.

நான் படித்த நாவல்களில் பிணத்தைக் குளிப்பாட்டுகிற இடமே வருவதில்லை. பிணம் கிடக்கிறது, போலீஸ் வருகிறது, அடுத்த அத்தியாயம். அது ஒரு பெரிய குறை.

காரியம் முடிந்து அவள் பாயைச் சுருட்டும்போது தலைமாட்டில் அந்தப் புத்தகம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் அடித்த இரண்டு பின்னும் அடித்தபடியே இருந்தன. ஒரு கிழிசல் இல்லை.

நகத்தால் பின்னைப் பிரித்தேன். யாரும் இல்லாத அறையில் வாய்விட்டு, எழுத்துக்கூட்டி, அவளுக்குப் படிக்கிற மாதிரியே படித்தேன். கொலைகாரன் பால்காரன்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த நாவல் சரியில்லை. வக்கீல்தான் கொன்றிருக்க வேண்டும். எழுதினவருக்குத் தெரியவில்லை.